தொப்பூர் மேடேறி வரும் குதிரைக் குட்டிக்கு எந்த வண்டி? பிக்கப், டிரெய்லர், 407 லாரி: ஓர் ஒப்பீடு

ஆடி பிறந்ததும் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கும். கத்தியவாரா, மார்வாரியா, நுக்ராவா, எந்த ரகக் குதிரை என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். வண்டிதான் கேள்வி. இந்த முறை காரிமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, தாயும் ரெண்டு மாசக் குட்டியுமா பேசி முடிச்சாச்சு. பிக்கப்லயே ஏத்தினு வந்துடலாமா? தெரிஞ்சவரு ஒருத்தரு டிரெய்லர் தர்றேன்றாரு, அதுல வரலாமா?"

சுழி பார்க்க அரை நாள் செலவழிக்கிறோம். பல் பார்க்கிறோம், நடை பார்க்கிறோம். குட்டி வீடு வந்து சேரும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில், கிடைத்த வண்டிக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெட்டைக் குதிரையையும் அதன் குட்டியையும் வாடகைப் பிக்கப்பில் ஏற்றினேன். குட்டி துள்ளும், முன்னால் குட்டைக் கயிற்றில் கட்டிவிடலாம் என்றார்கள். சரி என்று கட்டினேன். மேச்சேரி தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும் குட்டி கால் வழுக்கி விழுந்தது. உடம்பு தரையில், தலை கயிற்றில். கத்தக்கூட முடியாமல் அது தொங்கியதையும், தாய் அந்த இடுக்கில் திரும்ப முயன்று குட்டியை மிதிக்கப் போனதையும் நான் மறக்கவே மாட்டேன். கயிற்றை அறுக்கக் கையில் பன்னரிவாள் இருந்ததால் பிழைத்தது. இரண்டு முழங்காலும் உரிந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் மூன்று வாரம் கிடந்தது.

அன்றிலிருந்து நான் எந்த வண்டியையும் ஒரே ஒரு கேள்வியோடுதான் பார்க்கிறேன்: இதில் குட்டி கட்டப்படாமல், தாயின் மடிக்குப் பக்கத்தில், விழாமல் நிற்க முடியுமா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வயது. பிறந்த ஒரு வாரத்துக் குட்டியை, உயிர் காக்கும் அவசரம் தவிர வேறெதற்கும் ஏற்றாதீர்கள். முதல் சில வாரங்களில் குட்டி ஒரு மணி நேரத்திலேயே பல தடவை மடி தேடும். இரண்டு மாதத்துக் குட்டிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது வண்டி நின்று, அமைதியாகப் பால் குடிக்க நேரம் வேண்டும். தவிர, சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வந்து, சொந்தச் சக்தி இன்னும் வளராமல் இருக்கும் மாதங்கள் இவை. சந்தைத் தூசியும் நெரிசலும் வெயிலும் சேரும்போது நுரையீரல்தான் முதலில் அடிபடும்.

அடுத்தது தரை. குளம்பு இரும்புத் தகட்டில் நிற்காது. மாட்டுக் கொட்டகைக்கு விரிக்கும் கனமான ரப்பர் மேட் நம் பக்கம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதை விரித்து, மேலே நீளமான வைக்கோலைத் தடிமனாகப் போட்டால் போதும். உமியும் தேங்காய் நார்க்கழிவும் வேண்டாம், தூசி மூக்கில் ஏறும்.

பிறகு பக்கங்களின் உயரம். தாய் கனைத்தால் குட்டி எந்த இடைவெளியிலும் பாயும். பின்கதவுக்கு மேல் திறந்திருக்கும் இடம் வழியாக ஓடும் வண்டியிலிருந்து குட்டி குதித்துவிடுவது வெளிநாட்டு டிரெய்லர்களிலும் நடந்திருக்கிறது. அதன் பின் ஏற்றும் உயரம், பாதை, ஓட்டுகிறவர். கடைசியாகச் செலவு. வாடகை என்று சொல்லப்படும் தொகை அதில் பாதிதான்.

நமது பாதையைப் பொறுத்தவரை, அந்தியூரிலிருந்து அம்மாபேட்டை, மேட்டூர், மேச்சேரி, தொப்பூர் வழியாகத் தர்மபுரிக்கு நூறு கிலோமீட்டர் அளவில் வரும். சமதளத்தில் வந்த வண்டி தொப்பூரில் கணவாய் ஏற ஆரம்பித்ததும் குதிரைகளின் எடை முழுக்கப் பின்னால் சாயும். வளைவு, ஏற்றம், முன்னும் பின்னும் கனரக லாரிகள். தரை சரியில்லை என்றால் இங்கேதான் தெரியும்.

| வண்டி | தாய், குட்டி நிற்க இடம் | ஏற்றும் உயரம் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| குட்டி யானை (டாடா ஏஸ்) | தாய்க்கே போதாது | தொடையளவு | காயம், சிகிச்சை |
| பிக்கப் | நெருக்கம் | தொடை, இடுப்பளவு | பக்கக் கம்பி, மூங்கில், மேட் |
| இரு குதிரை டிரெய்லர் | தடுப்பைக் கழற்றினால் நல்லது | ஒரு முழம், சாய்தளம் உண்டு | இழுக்கும் வண்டி, பதிவு, பிரேக், டயர் |
| 407 | தாராளம் | இடுப்புக்கு மேல் | மண்மேடு, காலியாகத் திரும்பும் வாடகை |

## குட்டி யானையும் பிக்கப்பும்

டாடா ஏஸின் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். வளர்ந்த பெட்டைக் குதிரை ஒன்று அதில் நின்றாலே மூக்கும் வாலும் இடிக்கும். பக்கத்தில் குட்டிக்கு இடமே இல்லை. தாயும் குட்டியுமாக அதில் ஏற்றுவதை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறுக்குச் சாலைகளில் பத்து கிலோமீட்டர்தானே என்று சொல்வார்கள். பத்து கிலோமீட்டர் என்றால் விடியற்காலையில் தாயைக் கையில் பிடித்து நடத்துங்கள், குட்டி கூடவே வரும். தார் சூடேறும் முன் வீடு சேர்ந்துவிடலாம்.

பொலேரோ மாதிரிப் பிக்கப் கொஞ்சம் பரவாயில்லை. எங்கும் கிடைக்கும், வாடகை குறைவு, ஓட்டுகிறவருக்குத் தொப்பூர் மேடு பழக்கம். ஆனால் பக்கச் சுவர் குதிரைக்கு முழங்கால் உயரம்தான் வரும். மாட்டுக்கு வைத்த கம்பிச் சட்டம் இருந்தாலும் கம்பிக்குக் கம்பி இடைவெளியில் குட்டியின் கால் நுழையும். உள்பக்கம் முழுக்கப் பலகையோ பழைய தேங்காய் நார் மெத்தையோ வைத்துக் கட்ட வேண்டும், அதுவும் தரையிலிருந்தே. மேட், வைக்கோல், மூங்கில், கட்டுக்கூலி எல்லாம் சேர்ந்தால் பெரிய வண்டியின் வாடகையை நெருங்கிவிடும்.

பிக்கப்பின் இன்னொரு தொல்லை காற்று. மேலே திறந்த வண்டியில் முன்காற்று நேராகக் கண்ணிலும் மூக்கிலும் அடிக்கும். கேபினுக்குப் பின்னால் குட்டியின் தலைக்கு மேல் வரை தார்ப்பாய் வேண்டும். சுற்றிலும் மூடிக் கட்டிவிட்டாலோ உள்ளே புழுங்கும்.

பால் மறந்த குட்டி, ஆறு மாதத்துக்கு மேல், ஹால்டர் (முகக்கயிறு) போட்டுக் கட்டப் பழகியது, துணைக்கு இன்னொரு சாதுவான குதிரையோ பழகிய ஆளோ கூட வருவார் என்றால் பிக்கப் சரி. குட்டியின் உடம்பு சிறியது, இடம் போதும். அப்போதும் குட்டைக் கயிறு வேண்டாம். தலையைத் தோளுக்குக் கீழே இறக்க முடிய வேண்டும். மணிக்கணக்கில் தலையை உயர்த்தியே நிற்கும் குதிரைக்கு மூச்சுக்குழாயில் போன தூசியும் சளியும் வெளியே வராமல் நெஞ்சில் தங்கிவிடும். பயணம் முடிந்து இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலாக வருவது பெரும்பாலும் இதுதான்.

டிராக்டர் டிரெய்லரைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் வில்பட்டையே இருக்காது. ஒவ்வொரு குழியும் நேராகக் கால் எலும்புக்குப் போகும். வேண்டாம்.

## குதிரை டிரெய்லர்

இது குதிரைக்காகவே செய்த வண்டி. தாழ்வான தளம், பின்னால் சாய்தளம், பக்கங்கள் உயரம், மேலே கூரை. நல்ல டிரெய்லரும் அதை ஓட்டத் தெரிந்தவரும் கிடைத்தால் தாயையும் குட்டியையும் கொண்டுவர இதைவிட நல்லது இல்லை. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்து வருவது நம் மாவட்டத்தில் அபூர்வம் என்பதால்தான் நான் யோசிக்கச் சொல்கிறேன்.

குட்டிக்காக டிரெய்லரை மாற்ற வேண்டும். நடுவில் இருக்கும் தடுப்பைக் கழற்றிவிடுங்கள். தாயை மட்டும், இழுத்தால் உடனே அவிழும் முடிச்சில், தலை இறக்கும் அளவு நீளத்தில் கட்டுங்கள். குட்டியை அவிழ்த்தே விடுங்கள். குதிரையின் நெஞ்சுக்கு நேராகவும் பிட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கம்பி இருக்கும். வளர்ந்த குதிரைக்கு அது பாதுகாப்பு, குட்டிக்கு அதுவே கண்ணி. அடியில் புகுந்து டிரெய்லரின் முன்முனை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். கம்பிக்குக் கீழே தரை வரை பலகை அடித்துவிடுங்கள். புல் வலையைத் தொங்கவிடாதீர்கள், குட்டி காலை நுழைத்துவிடும். பின்கதவின் மேல்பாதியைக் கட்டாயம் மூடுங்கள், அல்லது கனமான வலை கட்டுங்கள்.

செலவுப் பக்கம் வருவோம். இரவலாக வருவது டிரெய்லர் மட்டும்தான். அதை இழுக்கும் வண்டி உங்களுடையது. டிரெய்லரின் எடை, அதன் மேல் தாய்க்குதிரை முந்நூற்றைம்பது நானூறு கிலோ, பிறகு குட்டி. இந்த மொத்தத்தையும் இழுக்க மட்டுமல்ல, நிறுத்தவும் உங்கள் ஜீப்பால் முடிய வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கியும் குண்டும் ஒரே அளவா, பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, டிரெய்லருக்கென்று தனி பிரேக் உண்டா? லாயத்தில் வருடக்கணக்காக நின்ற டிரெய்லரின் டயரில் பட்டன் நன்றாகத் தெரியும், ஆனால் பக்கச் சுவர் வெடித்திருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கி அடியில் உள்ள பலகையை ஒரு கடப்பாரையால் குத்திப் பாருங்கள். மூத்திரம் ஊறி உளுத்த தரையை மேட் மறைத்துவிடும். ஓடும் வண்டியில் தரை உடைந்து கால் சாலையில் இழுபட்டால் அந்தக் குதிரைக்கு மருத்துவம் இல்லை.

ஏறும்போது டிரெய்லர் பின்னால் இழுக்கும், இறங்கும்போது முன்னால் தள்ளும். அந்தியூரிலிருந்து வரும்போது தொப்பூர் நமக்கு ஏற்றம், அது ஒரு நல்ல காலம். ஆனால் குட்டிக்கு உடம்பு முடியாமல் தர்மபுரியிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதே கணவாய் இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். காலி டிரெய்லரை ஒரு தடவையாவது அந்த இறக்கத்தில் ஓட்டாதவர் குதிரையோடு ஓட்டக் கூடாது. டிரெய்லருக்குள் ஆள் உட்கார்ந்து வருவதும் கூடாது. இடிபாட்டில் தப்பிக்க வழியே இல்லை.

வருடத்துக்கு நான்கைந்து தடவை குதிரை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு, ஓசூர்ப் பக்கம் சவாரிப் பள்ளி வைத்திருப்பவர்களுக்கு, பெங்களூரிலிருந்து ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளை வாங்குகிறவர்களுக்கு டிரெய்லர்தான் சரி. அந்தக் குதிரைகள் சாய்தளம் ஏறிப் பழகியவை. நெடுஞ்சாலையும் அத்திப்பள்ளி, ஓசூர் என்று பெரிய மலையிறக்கம் இல்லாமல் வரும். (குதிரை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஓசூர் மத்திகிரியில் இன்றைக்கு இருக்கும் கால்நடைப் பண்ணை, 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம்.)

## 407 லாரி

ஒரு தடவை மட்டும் கொண்டுவரப் போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான். பத்தடித் தொட்டி, உயரமான பக்கங்கள். குறுக்கே இரண்டு மூங்கில் கட்டினால் முன்பாதி ஒரு சின்ன லாயம் மாதிரி ஆகிவிடும். தாய் ஓரமாக, குட்டி அவிழ்ந்தபடி மடிப்பக்கம். கட்டாமல் விட்டால் பல குதிரைகள் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் நிற்கும். பிரேக் போடும்போது எடையைப் பின்கால்கள் தாங்கிக்கொள்ளும். 407-ல் அப்படித் திரும்ப இடம் இருக்கிறது.

சிக்கல் முழுக்க ஏற்றுவதில்தான். தளம் இடுப்புக்கு மேல் இருக்கும். பலகை சாய்த்து ஏற்றினால் செங்குத்தாகி, குளம்பு வழுக்கி, தாய் பின்வாங்கிக் குட்டி மேல் விழும். பலகையை விட மண்மேடு மேல். ஏரிக்கரை, ரோட்டோரச் சரிவு, தோட்டத்து வரப்பு, எங்கே தளத்துக்குச் சமமாக நிலம் வருகிறதோ அங்கே வண்டியைப் பின்னோக்கி ஒட்டி நிறுத்தினால் இரண்டும் நடந்தே உள்ளே போய்விடும். சந்தை இடத்தில் அப்படி ஒரு மேட்டை முதலிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.

ஏற்றும்போது குட்டியை ஹால்டரில் இழுக்கவே கூடாது. இழுத்தால் முன்கால் தூக்கிப் பின்னால் விழும், பின்மண்டை அடிபடும். ஒருவர் தாயை மெதுவாக நடத்த, இன்னொருவர் ஒரு கையைக் குட்டியின் நெஞ்சிலும் மற்றதைப் பிட்டத்திலும் கொடுத்து அணைத்தபடி கூடவே போக வேண்டும். தாய் கண்ணிலிருந்து குட்டி ஒரு நிமிடம் மறைந்தாலும் இரண்டும் தறிகெட்டுப் போகும். தாய்க்குப் பின்னங்கால் லாடம் இருந்தால் முதல் நாளே கழற்றிவிடுங்கள். மிதித்தாலும் எலும்பு தப்பும்.

வாடகை பிக்கப்பை விட அதிகம். காலியாகத் திரும்பும் தூரத்துக்கும், சுங்கச்சாவடிக்கும், பால் குடிக்க நிற்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காத்திருப்புக் கூலி பேசாத டிரைவர் வேகமாகத்தான் ஓட்டுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் குதிரை ஏற்றிய சரக்கு வண்டிக்கு மணிக்கு 35 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கு இடையே 8 சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில், வண்டிக்கு ஒரு பராமரிப்பாளர் என்பதும் அதே விதிகளில் உண்டு. 35-ல் வந்தால் நமது தூரத்துக்கு ஓட்டமே மூன்று மணி நேரம். நடுவில் ஒரு நிறுத்தம். மேட்டூர் தாண்டி நிழலான இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நின்றால் போதும். விடியற்காலை நான்குக்குப் புறப்பட்டால் வெயில் ஏறும் முன் வீட்டில் இருக்கலாம்.

## கொண்டுவராமல் காத்திருப்பது

இதுவும் ஒரு தேர்வு, பலர் இதை யோசிப்பதே இல்லை. குட்டி ஒரு மாதத்துக்கும் குறைவு, அல்லது தாய்க்குச் சளி இருமல், அல்லது நல்ல வண்டி கிடைக்கவில்லை என்றால் விற்றவரிடமே தீவனச் செலவு கொடுத்து விட்டுவையுங்கள். கொள்ளு, புல், ஆள் கூலி என்று மாதா மாதம் போகும், குட்டி நம் கண் பார்வையில் இருக்காது. போட்டோவும் அடையாளக் குறிப்பும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பால் மறக்கவைத்த பிறகு தனியாகக் கொண்டுவரலாம் என்று திட்டமிட்டால், தாயைப் பிரித்த அன்றே ஏற்றாதீர்கள். பிரிவும் பயணமும் ஒரே நாளில் வந்தால் குட்டி தீனியே எடுக்காது. பிரித்து இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

## அவசரம் என்றால் கணக்கு வேறு

பிறந்த குட்டி எழவில்லை, சீம்பால் குடிக்கவில்லை, தாய் இறந்துவிட்டது என்ற நிலையில் எந்த வண்டி என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சீம்பாலின் பலன் முதல் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் முழுதாகக் கிடைக்கும். ஒரு நாள் போனால் குடல் அதை ஏற்காது. முதலில் கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் பின்சீட்டைக் கழற்றிய ஆம்னி வேன் இங்கே மற்ற எல்லா வண்டியையும் விட மேல். மெத்தை மேல் குட்டியை நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தலையை மடியில் தாங்கி, கம்பளி போர்த்திக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

எந்த வண்டியானாலும் டாக்டர் சொல்லாமல் மயக்க ஊசி போடாதீர்கள். அரைத் தூக்கத்தில் நிற்கும் மிருகம் வளைவில் சமாளிக்காது. கிளாண்டர்ஸ் நோய்ப் பரிசோதனை முடிவும் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கையில் இல்லாமல் சந்தையிலிருந்து கிளம்பாதீர்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். வீடு வந்ததும் மூன்று நாள் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். குட்டிக்கு 102 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினாலோ மூக்கில் சளி கட்டியாக வந்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள், குதிரைக்கு அது பொல்லாத நோய்.

காரிமங்கலத்துத் தம்பியின் குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்திருக்கிறது, தாய் சாது. டிரெய்லர் தருகிறேன் என்றவருடைய வண்டிக்குத் தனி பிரேக் இல்லை, தம்பி இதுவரை எதையும் இழுத்து ஓட்டியதும் இல்லை. அதனால் 407 என்று சொன்னேன். "அந்தியூர்ல ஏத்த மேடு பாத்துக்கறேன் அண்ணா" என்றார். காரிமங்கலத்தில் இறக்க மேடு இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கிணற்று மேட்டில் கொட்டிக் கிடக்கும் மண்ணை இரண்டு டிப்பர் எடுத்து வாசலில் கொட்டிச் சமன் செய்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் ஜேசிபி கிடைக்கும், திங்கட்கிழமை புறப்படுகிறேன் என்றார்.